எலும்பை வைச்சிருக்கிற மண்

கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடு எண்டா எங்களுக்குக் குளம். வான்கதவு திறந்தா பாக்கப் போறது, சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்தில சத்தம் போடுறது, பின்னேரம் குளத்துமீன் வாங்கிறது, அதுதான் எங்கட இரணைமடு. ஆனா இலங்கையின்ர கற்காலத்தைப் படிக்கிற ஆக்களுக்கு அது ஒரு மண்படையின்ர பேர். அடியில கிரவல், மேல சிவப்பு மணல், இந்த ரெண்டும் சேர்ந்த படையை இரணைமடுப் படை எண்டுதான் அவை எழுதுறவை, அதே படை வறண்ட கரையோரத்தில தெற்கில பூந்தல வரைக்கும் அங்கங்க இருக்கு, அங்க பத்திராஜவெல எண்ட இடத்தில கிரவலுக்குள்ள இருந்து எடுத்த கல்லாயுதங்கள் கிட்டத்தட்ட 125,000 வருசம் பழசு எண்டு தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணக்குக் காட்டினவர்.

கல்லு இருக்கு. ஆனா அந்தக் கல்லை உடைச்ச ஆக்களின்ர ஒரு எலும்புத்துண்டு, ஒரு பல்லுக்கூட அந்தப் படையில இருந்து வரேல்ல.

இதைப்பற்றி எழுதவேணும் எண்டு கனகாலமா மனசுக்குள்ள கிடந்தது. மனிசன்ர கூர்ப்பை (பரிணாமத்தை) பற்றிக் கதைக்கிற எல்லாரும் எலும்பைப் பற்றித்தான் கதைக்கினம், எலும்பை வைச்சிருந்த மண்ணைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்ல. ஆபிரிக்காப் படத்தில நாலு புள்ளியைப் போட்டு எங்கட ஆதி ஆக்கள் இந்த இந்த இடத்தில இருந்தவை எண்டு யூரியூப்பில சொல்லிக்கொண்டு போவினம். ஆபிரிக்கா எண்டது சரி, அதில எனக்குச் சந்தேகம் இல்ல, எலும்பும் மரபணுவும் ரெண்டும் அங்கதான் கொண்டுபோய் விடுது. ஆனா அந்தப் புள்ளியள் ஒவ்வொண்டும் எலும்பு தப்பின இடம். அவை வாழ்ந்த இடம் அதைவிட எவ்வளவோ பெரிசு.

எங்கட பக்கம் காட்டுக்கரையில ஒரு மாடு செத்துக் கிடந்தா பிறகு என்ன நடக்கும் எண்டு பாத்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. நரி, நாய், பன்றி, அது முடிய வெயில், அது முடிய மாரி, முள்ளம்பன்றி வந்து இருந்து எலும்பைக் கொறிக்கும், கொஞ்சக் காலம் போனா ஒரு தாடைத்துண்டும் பல்லும்தான் புல்லுக்குள்ள கிடக்கும். எலும்பு மிஞ்ச வேணும் எண்டா கெதியா மூடுப்பட வேணும், மூடுற மண்ணில சுண்ணாம்பு இருக்க வேணும், புளிப்பு மண்ணெண்டா மழைத்தண்ணி இறங்கி இறங்கி எலும்பைக் கரைச்சுப்போடும். எங்கட சிவப்பு மணல் மாதிரி தண்ணியை நிப்பாட்டாம விடுற மண்ணில நிலைமை இன்னும் மோசம். இவ்வளவும் தாண்டி ஆழத்தில கிடந்த எலும்பை ஒரு ஆறோ மழையோ அரிச்சு வெளியில கொண்டுவர வேணும், அதுவும் பாக்கத் தெரிஞ்ச ஒராள் அந்த வழியால நடந்து போற காலத்தில.

வன்னிக்கு இந்த விசயத்தில குடுத்துவைக்கேல்ல. எங்கட காலுக்குக் கீழ இருக்கிற பாறைக்குப் புவிச்சரிதவியலில வன்னித் தொகுதி எண்டு எங்கட பேரையே வைச்சிருக்கினம், ஆனா அது ஏறக்குறைய 550 மில்லியன் வருசத்துக்கு முந்தி (1 மில்லியன் எண்டா 10 லட்சம்) பூமிக்கடியில வெந்து உருமாறின கருங்கல்லு, அதுக்குள்ள எலும்பு தேடுறதில அர்த்தம் இல்ல. வடக்கு மேற்கு ஓரமாப் போனா, பூநகரி, முருங்கன், மன்னார்க் கரை, அங்க சுண்ணக்கல் வருது, யாழ்ப்பாணத்தில கிணறு வெட்டேக்க வாற அதே கல்லு. அது உண்டானது மயோசின் காலத்தில. எனக்கு இதை முதல் வாசிச்ச நேரம் நெஞ்சு ஒருக்கா அடிச்சது, ஏனெண்டா 23 மில்லியனில இருந்து 5 மில்லியன் வருசத்துக்கு முந்தின இந்த மயோசின் காலம்தான் வாலில்லாக் குரங்குகளின்ர காலம், ஆபிரிக்கா, ஐரோப்பா, ஆசியா எண்டு அவை பரவி வாழ்ந்த காலம். ஆனா அந்த நேரம் எங்கட வடபகுதி கடலுக்கடியில. கல்லை உடைச்சா சிப்பியும் பவளமும்தான் வரும்.

மண் எவ்வளவு தூரம் எங்களை ஏமாத்தும் எண்டதுக்குச் சிம்பன்சியை விட நல்ல சாட்சி இல்ல. உயிரோட இருக்கிறதுகளில எங்களுக்கு ஆகக் கிட்டின சொந்தம் சிம்பன்சியும் பொனொபோவும், எங்கட வழியும் அதுகளின்ர வழியும் பிரிஞ்சு ஆறேழு மில்லியன் வருசம் ஆகுது, அவ்வளவு காலமும் அதுகளும்தானே பிறந்து செத்துக்கொண்டிருந்தது. 2005 வரைக்கும் ஒரு சிம்பன்சியின்ர உயிர்ச்சுவடு (கல்லாகிப்போன பழைய எச்சம்) கூட வெளியில வரேல்ல! அந்த வருசம்தான் கென்யாவின்ர பிளவுப் பள்ளத்தாக்கில இருந்து ஏறக்குறைய 5 லட்சம் வருசம் பழசான சில பல்லுகளை அறிவிச்சவை, அதுவும் இண்டைக்குச் சிம்பன்சி இல்லாத இடத்தில. காட்டுக்குள்ள செத்ததுகளைக் காட்டுமண் கரைச்சுப்போட்டுது. ஆகவே ஒரு இடத்தில எலும்பு இல்ல எண்டதை வைச்சு அங்க ஒண்டும் வாழேல்ல எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ.

எலும்பு நல்லாத் தப்பின இடங்களைப் பாத்தா கனக்க இடத்தில பக்கத்தில ஒரு எரிமலை நிக்கும். விக்ரோறியா ஏரிக்குள்ள ருசிங்கா எண்டு ஒரு தீவு இருக்கு, கென்யாவுக்குச் சொந்தம், அங்க 1948 ல தொல்லியலாளர் மேரி லீக்கி ஒரு வாலில்லாக் குரங்கின்ர மண்டையோடு எடுத்தவ, வயசு 18 மில்லியன் வருசம் அளவில. அப்ப புரோகொன்சல் எண்டு பேர், இப்ப ருசிங்காவில கிடைச்சதுகளை எகெம்போ எண்டு தனியாப் பிரிச்சிருக்கினம். கிட்ட இருந்த கிசிங்கிரி எரிமலை கக்கின சாம்பலில சுண்ணாம்புச் சத்து நிறைய, அதாலதான் அங்க எலும்பு மட்டுமில்ல, பழம், விதை, பூச்சி கூட கல்லாகிக் கிடைச்சிருக்கு, ஒரு முழுக் காடே மிஞ்சிக் கிடக்கு எண்டு சொல்லலாம். அந்த எகெம்போ குரங்கு மாதிரி நாலு காலில மரக்கிளைக்கு மேலால நடந்த பிராணி, கை நீளமும் கால் நீளமும் கிட்டத்தட்ட ஒண்டு, ஆனா வால் இல்ல. எங்கட பெரிய குடும்பத்தில வால் முதல்ல போயிருக்கு, மற்ற மாற்றமெல்லாம் பிறகு. 2024 ல வந்த ஒரு ஆய்வில ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்குள்ள புகுந்த ஒரு சின்னத் துண்டுதான் இந்த வால் போனதுக்குக் காரணமா இருக்கலாம் எண்டு எலியில செய்து காட்டினவை, அந்தத் துண்டு மனிசனிலயும் மற்ற வாலில்லாக் குரங்குகளிலயும் இருக்கு, வாலுள்ள குரங்குகளில இல்ல.

குளக்கட்டில இருக்கிற எங்கட குரங்குகளுக்கு இதில என்ன இடம் எண்டு வகுப்பில பிள்ளையள் கேக்கிறவை. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். போன நெல்லுவெட்டு முடிஞ்ச கையோட வாய்க்கால் கரையில ஒரு குரங்கின்ர கீழ்த்தாடை கிடந்தது, கழுவிக் காயவைச்சு வகுப்புக்குக் கொண்டுபோனன்.

"சேர், நாயின்ரயோ?" எண்டான் முன்வரிசையில இருந்த பெடியன்.

"பல்லை எண்ணிப்பார்."

ஒரு பக்கத்தில வெட்டும்பல் ரெண்டு, வேட்டைப்பல் ஒண்டு, முன்கடைவாய்ப்பல் ரெண்டு, கடைவாய்ப்பல் மூண்டு. பிறகு தன்ர வாயைத் திறந்து பக்கத்தில இருந்தவனை எண்ணச் சொன்னான், ஞானப்பல்லு இன்னும் முளைக்காதபடியா ஒண்டு குறைஞ்சது, மற்றதெல்லாம் அச்சொட்டா ஒண்டு. எங்களுக்கும் குளக்கட்டுக் குரங்குக்கும் மந்திக்கும் சிம்பன்சிக்கும் எல்லாருக்கும் 32 பல்லு, அதே வரிசை. இரவில பாலை மரத்தில கண் பளிச்சிட இருக்கிற தேவாங்குக்கு மட்டும் 36, ஒவ்வொரு பக்கமும் ஒரு முன்கடைவாய்ப்பல் கூட, ஏனெண்டா அது எங்களை விட்டுப் பிரிஞ்சு போனது 60 மில்லியன் வருசத்துக்கும் முந்தி. மயோசின் காலத்து ஆசியாவில அதின்ர சொந்தக்காரரும் இருந்தவை.

அந்தத் தாடையை இன்னும் கிட்டப் பிடிச்சுப் பாத்தா வித்தியாசமும் அதிலயே தெரியும். குரங்கின்ர கடைவாய்ப்பல்லில நாலு முனை, ரெண்டு ரெண்டாச் சேர்ந்து குறுக்கால ரெண்டு வரம்பு கட்டினபடி நிக்கும், இலையை அரிஞ்சு தின்ன நல்லது. எங்கட கீழ் முதல் கடைவாய்ப்பல்லில அஞ்சு முனை, இடையில ஓடுற பள்ளம் ஒரு முச்சந்தி மாதிரிப் பிரியும், நாக்கால தடவினாலே மேடு பள்ளம் தெரியும். மயோசின் வாலில்லாக் குரங்குகளின்ர பல்லும் இதே அஞ்சு முனைதான். அதாலதான் ஒரு பல்லு கிடைச்சாலும் அது வாலுள்ள பக்கமோ வாலில்லாத பக்கமோ எண்டு சொல்லக்கூடியதா இருக்கு. 2020 ல ஜம்முவில ராம்நகர் எண்ட இடத்தில இருந்து கபி எண்டு ஒரு புது வாலில்லாக் குரங்கை அறிவிச்சவை, 13 மில்லியன் வருசம், கிப்பன் எண்ட சின்ன வாலில்லாக் குரங்கின்ர பக்கத்துச் சொந்தம், கையில இருந்தது ஒரே ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லு. பெடியளுக்கு இது நம்பக் கஷ்டமா இருந்தது, அந்தத் தாடையை வைச்சுக் காட்டின பிறகு நம்பிச்சினம்.

இன்னொண்டும் அந்தத் தாடையில இருந்தது, அது ஆண் குரங்கு. வேட்டைப்பல்லுக்கு அடுத்த பல்லு சாய்வா நீண்டு ஒரு பக்கம் வழவழ எண்டு தேஞ்சிருந்தது, மேல் வேட்டைப்பல்லு வாய் மூடுற ஒவ்வொருக்காலும் அதில உரஞ்சி உரஞ்சிக் கூராகிறது. சிம்பன்சிக்கும் இந்த ஏற்பாடு இருக்கு. எங்கட பக்கத்து ஆதி ஆக்களில இது மெல்ல மெல்லக் காணாமப் போகுது, அதாலதான் உயிர்ச்சுவடு எடுக்கிறவை வேட்டைப்பல்லைக் கண்டா அவ்வளவு அக்கறையாப் பாக்கிறது.

அக்கறை கூடினா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட பக்கத்திலயே ஒரு கதை இருக்கு. இமயமலை அடிவாரத்தில சிவாலிக் குன்றுகள், வட இந்தியாவில இருந்து பாகிஸ்தான் வரைக்கும் ஓடுது, மலை உயர உயர ஆறுகள் கொண்டுவந்து கொட்டின மண்டி கிலோமீற்றர்க் கணக்கில தடிப்பா இருக்கு, எலும்புக்கு அதைவிட நல்ல படுக்கை வேண்டாம். 1932 ல யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இமாச்சலப் பக்கம் ஹரிதல்யாங்கர் எண்ட இடத்தில ஒரு மேல்தாடைத் துண்டு எடுத்து, 1934 ல ராமாபிதேகஸ் எண்டு பேர் வைச்சார். வேட்டைப்பல்லு சின்னன், முகம் கட்டை, மனிசப் பக்கம் போற வழியில நிக்கிறது எண்டு சொன்னார். அப்ப பெரிய ஆக்கள் ஏற்கேல்ல. 1961 ல உயிர்ச்சுவடு ஆய்வாளர் எல்வின் சைமன்ஸ் அதைத் திரும்பக் கையில எடுத்தார், டேவிட் பில்பீமும் சேர்ந்தார், பிறகென்ன, 14 மில்லியன் வருசத்துக்கு முந்தின முதல் மனித மூதாதை ராமாபிதேகஸ் எண்டு உலகம் முழுக்கப் புத்தகத்தில ஏறிச்சுது. இந்தியாவில இருந்து வந்த உயிரியல் புத்தகங்களில நானும் அப்பிடித்தான் படிச்சன்.

பிரச்சினை என்னெண்டா அந்தத் தாடைத்துண்டில நடுப்பகுதி இல்ல. ஒரு பக்கம்தான் இருக்கு. மனிசன்ர பல்வரிசை வளைஞ்சு விரிஞ்சிருக்கும், வாலில்லாக் குரங்குகளின்ர பல்வரிசை நீளமா ரெண்டு பக்கமும் நேரா ஓடும், நடு எங்க எண்டு தெரியாத துண்டை எப்பிடிப் பொருத்துறது எண்டதில அவை மனிசனைப் போலப் பொருத்திப் பாத்திட்டினம். 1967 ல பேர்க்லியில வின்சென்ற் சாரிச், அலன் வில்சன் எண்ட ரெண்டு பேர் எலும்பைத் தொடாமலே ரத்தப் புரதத்தை ஒப்பிட்டு, மனிசனும் சிம்பன்சியும் பிரிஞ்சு 5 மில்லியன் வருசம்தான் ஆகுது எண்டு சொல்லிச்சினம். எலும்பு ஆய்வாளருக்குச் சரியான கோவம். அஞ்சு மில்லியனில பிரிஞ்சது எண்டா 14 மில்லியனில மனித மூதாதை எப்பிடி நிக்கிறது? பத்துப் பன்ரெண்டு வருசம் இழுபட்டுது. பிறகு பில்பீமின்ர குழு பாகிஸ்தானில பொட்வார் மேட்டுநிலத்தில தோண்டேக்க சிவாபிதேகஸ் எண்ட வாலில்லாக் குரங்கின்ர ஒரு முகம், பாதிக்கு மேல முழுசா, கிடைச்சுது, 1982 ல அதைப்பற்றி எழுதினார். கண்குழி ரெண்டும் ஒடுங்கி நெருங்கி, உயரமா, முகம் உள்ளுக்குக் குழிஞ்சு, அப்பிடியே ஒராங்குட்டான். ராமாபிதேகஸ் எண்டு சொன்னது பெரும்பாலும் அதே சிவாபிதேகஸின்ர சின்ன உருவம், பெண் விலங்கு எண்டு இப்ப ஏற்கினம்.

எனக்கு இந்தக் கதையில பிடிச்ச ஆள் பில்பீம்தான். ராமாபிதேகஸுக்காக எத்தினையோ வருசம் வாதாடின மனிசன், தன்ர கையாலயே எடுத்த முகம் தன்ர கருத்தை உடைக்குது எண்டு கண்டு, அதை மறைக்காம எழுதி வைச்சார். அறிவியல் படிக்கிற பிள்ளையளுக்கு நான் சூத்திரத்துக்கு முந்தி இதைத்தான் சொல்லுவன்.

சிவாலிக்கின்ர பிற்காலமும் கவனிக்க வேண்டியது. எட்டு மில்லியன் வருசத்துக்குக் கிட்ட அந்தப் பக்கம் காலநிலை மாறிக் காடு குறைஞ்சு புல்லு கூடினதைப் பழைய மண்ணின்ர காபனிலயும் விலங்குப் பல்லிலயும் அளந்திருக்கினம், ஏறக்குறைய அதே காலத்தில சிவாபிதேகஸும் இல்லாமப் போகுது. ஆசியாவின்ர மற்றப் பெரிய வாலில்லாக் குரங்கு ஜைஜாண்டோபிதேகஸ், அது தென் சீனாவில பிறகும் கனகாலம் இருந்தது, கிட்டத்தட்ட 3 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் இடைப்பட்ட காலத்திலதான் அழிஞ்சது. அதை முதல் கண்டது காட்டிலயில்ல, 1935 ல ஹொங்கொங் மருந்துக்கடையில, நாகத்தின்ர பல்லு எண்டு மருந்துக்கு வித்த பல்லுகளுக்குள்ள இருந்து உயிர்ச்சுவடு ஆய்வாளர் வொன் கொனிக்ஸ்வால்ட் பிரிச்செடுத்தவர். இண்டைக்கு வரைக்கும் அதின்ர நாலு கீழ்த்தாடையும் ரெண்டாயிரத்துக்குக் கிட்ட பல்லும்தான் இருக்கு, கைகால் எலும்பு ஒண்டும் இல்ல. குகைக்குள்ள முள்ளம்பன்றி கொறிச்சு முடிச்சிட்டுது. எங்கட காட்டுக்கரையில நடக்கிற அதே வேலை.

ஆடி ஆவணியில குளம் வத்தினா அடிச் சேறு காஞ்சு வெடிக்கும், அதில இரவு தண்ணிக்கு வந்த யானையின்ர காலடி ஒவ்வொண்டும் தாம்பாளம் அளவில பதிஞ்சு இறுகிக் கிடக்கும், பக்கத்தில மாட்டுக்குளம்பு, கொக்கின்ர விரல், ஆரோ மீன்பிடிக்கப் போனவரின்ர வெறுங்கால். குதி ஆழம், பெருவிரல் ஆழம், நடுவில பாதம் மேல தூக்கினபடி மண்ணைத் தொடாம ஒரு திட்டு. ஐப்பசி மழை ரெண்டு நாள் அடிச்சா எல்லாம் கரைஞ்சு போயிடும்.

தன்சானியாவில லேட்டோலி எண்ட இடத்தில அது கரையேல்ல. 36 லட்சத்து 60 ஆயிரம் வருசத்துக்கு முந்தி எரிமலைச் சாம்பல் விழுந்து, மெல்லிய மழை பெய்து, அந்த ஈரச் சாம்பலுக்கு மேலால விலங்குகள் நடந்து, சாம்பலில இருந்த காபனேற்று இறுகிச் சீமெந்தாப் போய், அதுக்கு மேல திரும்பச் சாம்பல் விழுந்து மூடினது. மழைத்துளி விழுந்த புள்ளிகூட இருக்கு! 1976 ல மேரி லீக்கியின்ர முகாமில இருந்த ஆய்வாளர் சிலர் யானை விட்டையை ஆளுக்காள் எறிஞ்சு விளையாடேக்க, அன்ரூ ஹில் எண்டவர் விலத்திக் கீழ விழுந்து, மூக்குக்கு முன்னால நிலத்தில கிடந்த பழைய தடங்களைக் கண்டவர். ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டு கால் நடையின்ர தடம் வெளியில வந்தது, ஏறக்குறைய 27 மீற்றர் நீளம், 70 காலடி அளவில. குதி ஆழம், பெருவிரல் மற்ற விரலுகளோட நேரா, குரங்கின்ர மாதிரிப் பக்கத்தால விலகி நிக்கேல்ல. ஒருவற்ற காலடிக்குள்ள இன்னொருவர் கால் வைச்சு நடந்த அடையாளமும் இருக்கு. அந்த நேரம் மூளை சிம்பன்சியின்ரய விடச் சொற்பம்தான் பெரிசு. மூளை பெருத்துப் பிறகு எழும்பி நடந்தவை எண்டு பழைய ஆக்கள் நினைச்சது தலைகீழ், நடை முதல், மூளை எவ்வளவோ பிந்தி.

லூசி எண்ட ஆதி எலும்புக்கூட்டை எல்லாருக்கும் தெரியும், 1974 நவம்பரில எதியோப்பியாவில ஹடாரில டொனால்ட் ஜொஹான்சன் கண்டது, 32 லட்சம் வருசம், உடம்பின்ர 40 வீதம் அளவில எலும்பு, உயரம் மூண்டரை அடி. அதுக்கு முந்தின ஆர்டி எண்ட எலும்புக்கூடு 44 லட்சம் வருசம், நிமிர்ந்தும் நடந்தது, ஆனா காலின்ர பெருவிரல் இன்னும் கிளையைப் பிடிக்கிற மாதிரி விலகித்தான் நிண்டது. இவை எல்லாம் கிழக்கு ஆபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு, எரிமலைச் சாம்பல் மூடினதும் அதுதான், அந்தச் சாம்பலில ஆர்கன் வாயுவை அளந்து வயசு எடுக்கிறதும் அதில இருந்துதான். இதைப் பாத்து அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கிலதான் மனிசன் உண்டானான் எண்டு ஒரு பெரிய கருத்தே கட்டி எழுப்பினவை. பிறகு 2001 ல, பள்ளத்தாக்கில இருந்து 2,500 கிலோமீற்றர் மேற்கில, சாட் நாட்டுப் பாலைவனத்தில, மிஷேல் புருனேயின்ர குழுவில இருந்த அஹூந்தா ஜிம்தூமல்பாயே எண்ட சாட் நாட்டுக்காரர் ஒரு மண்டையோடு எடுத்தார், தூமாய் எண்டு பேர், கிட்டத்தட்ட 7 மில்லியன் வருசம். வேட்டைப்பல்லு சின்னன், நான் முந்திச் சொன்ன உரஞ்சல் ஏற்பாடு இல்ல. அது நிமிர்ந்து நடந்ததோ எண்டு தொடையெலும்பை வைச்சு இன்னும் சண்டை பிடிக்கினம், அது நடக்கட்டும். எனக்கு முக்கியம் என்னெண்டா, தேடாத இடத்தில தேடின உடன வரைபடம் மாறிப்போச்சுது.

எலும்பு எண்டு நான் இவ்வளவு எழுதுறன், ஆனா வன்னியில எலும்புக்கூடு எண்டு சொன்னா ஆருக்கும் முதல்ல லூசி ஞாபகம் வராது. 2023 ஜூன் கடைசியில முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில தண்ணிக்குழாய்க்கு மண் வெட்டேக்க ஒரு புதைகுழியில இருந்து மனித எச்சங்கள் வெளியில வந்தது, 2024 ல தோண்டி முடிக்கேக்க 52 பேரின்ர. தூரிகை, அரிதட்டு, சின்னக் கரண்டி, ஒவ்வொரு எலும்பும் எந்த ஆழத்தில எப்பிடிக் கிடந்தது எண்டு அளந்து எழுதுறது, எல்லாம் ஹடாரில செய்யிற அதே வேலை. இடுப்பெலும்பைப் பாத்து ஆணோ பெண்ணோ எண்டு சொல்லுறது, பல்லு முளைச்ச கட்டத்தைப் பாத்துப் பிள்ளையின்ர வயசு சொல்லுறது, அதுவும் அதே அறிவு. 1924 ல தென்னாபிரிக்காவில ரேமண்ட் டார்ட் கைக்குக் கிடைச்ச தௌங் மண்டையோடு, 28 லட்சம் வருசத்துக்குக் கிட்ட, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லு அப்பத்தான் முளைச்ச பிள்ளை, பிள்ளை எண்டு தெரிஞ்சது பல்லை வைச்சுத்தான், கண்குழிக்குள்ள இருந்த கீறலைப் பாத்துக் கழுகு தூக்கிக்கொண்டு போனது எண்டு பிறகு விளங்கிச்சுது. எலும்பில இருந்து ஒரு உயிருக்கு என்ன நடந்தது எண்டு வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் எங்கட பிள்ளையளுக்குள்ள இருந்து வரவேணும் எண்டு நான் மனசார ஆசைப்படுறன், இந்த மண்ணுக்கு அந்தப் படிப்பு எல்லா வகையிலயும் தேவை.

இலங்கையில மனிச எலும்பு தப்பினது தென்மேற்கு ஈரவலயக் குகைகளில. மேல கல்லுக்கூரை இருக்கு, மழை படாது, அடுப்புச் சாம்பலும் நத்தை ஓடும் கலந்த மண் எலும்பைக் காப்பாத்திச்சுது. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கல குகையில ஏறக்குறைய 48,000 வருசத்துக்கு முந்தியே எங்களை மாதிரி மனிசர் இருந்திருக்கினம், எலும்பு அம்புமுனை செய்திருக்கினம், அவை தின்ற மிருக எலும்பில பெரும்பங்கு குரங்கும் மந்தியும் அணிலும்தான், மந்தியின்ர எலும்பைத் தீட்டித்தான் ஆயுதமே செய்திருக்கினம். மரத்துக்கு மரம் பாயுற மந்தியை அம்பால விழுத்துறது லேசான வேலையில்ல, கச்சான் தோட்டத்தில அதுகளைக் கலைக்கிற ஆக்களைக் கேட்டா சொல்லுவினம்.

ஈரவலயத்தில இவ்வளவு இருந்த காலத்தில எங்கட வறண்ட காட்டில ஆருமே இருக்கேல்லையோ? இருந்திருப்பினம் எண்டுதான் நான் நம்புறன், இரணைமடுப் படை மாதிரிப் படையில இருந்து வந்த கல்லுகள் அதுக்கு ஒரு காரணம். கல்லு கரையாது. ஆனா கல்லிலயும் கவனம் வேணும். இலங்கையின்ர கற்காலங்களைப் பற்றி 1919 ல விரிவா எழுதின புவிச்சரிதவியலாளர் வேலண்ட், பிறகு உகண்டாவுக்குப் போய் அங்க காஃபு ஆற்றுப் பள்ளத்தாக்கில உடைஞ்ச கூழாங்கல்லுகளை ஆதி மனிசன்ர ஆயுதம் எண்டு சொல்லி காஃபுவன் பண்பாடு எண்டு பேர் வைச்சவர், அதெல்லாம் இயற்கையா உடைஞ்ச கல்லு எண்டு பிறகு முடிவாச்சுது. மனிசன் அடிச்சுப் பிளந்த சில்லில அடி விழுந்த இடத்துக்குக் கீழ ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதில இருந்து அலை அலையா வரி போகும். எங்கட பக்கத்து வெள்ளைப் பளிங்குக்கல் (குவார்ட்ஸ்) கண்டபடி நொருங்கிறதால அது தெளிவாத் தெரியாது, ஒரு கல்லை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, ஒரே இடத்தில ஒரே மாதிரி உடைச்ச கனக்கக் கல்லு வேணும்.

றோட்டுக்கும் வீட்டுக்கும் எண்டு கிரவல் டிப்பர் டிப்பராப் போகுது. கிரவல் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, எங்களுக்கு வீடும் றோட்டும் வேணும். கிடங்கில வேலை செய்யிற தம்பியவை, பக்கத்துக் காணிக்காரர், இதை வாசிச்சா ஒரு உதவி செய்யுங்கோ. வெட்டின சுவரில சிவப்பு மணலுக்குக் கீழ கிரவல் தொடங்கிற இடத்தில கூர்விளிம்புள்ள வெள்ளைக்கல்லு கூட்டமாத் தெரிஞ்சா, பிடுங்காம, பக்கத்தில ஒரு பேனையை வைச்சு ஃபோனில படம் எடுங்கோ, கல்லு மட்டும் இல்ல, முழுச் சுவரும் விழுற மாதிரி இன்னொரு படம், இடத்தையும் குறிச்சு வையுங்கோ, படிச்ச ஆக்களிட்ட சேர்க்கிற வேலையை நான் பாக்கிறன். சுவரைச் சுரண்டவும் வேண்டாம். அந்த மணல்மணியள் கடைசியா எப்ப வெயில் கண்டது எண்டதை வைச்சுத்தான் படையின்ர வயசைக் கணக்குப் பாக்கிறவை, உள்ளுக்குள்ள இருக்கிற மணலில வெளிச்சம் பட்டா அந்தக் கணக்கு அழிஞ்சு போயிடும்.